தாளில்லாப் புத்தகம் – 14: முப்பத்து நான்கு வீதம்

போன கிழமை மின்தாள் பற்றி எழுதியிருந்தேன். பக்கம் திருப்பும்போது மட்டும் மின்சாரம் குடிக்கும், மற்ற நேரம் சும்மா கிடக்கும். அவ்வளவுதான், மிச்சத்தைப் பழைய இதழில் பாருங்கள். பற்றறியை எதுவரை சார்ஜ் செய்தால் நீண்டநாள் உழைக்கும் என்று இந்தக் கிழமை சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்குள் மூதூர் பஸ்ஸில் ஒன்று நடந்துவிட்டது.

சீனன்குடா தாண்டும்போது என் மின்நூல் வாசிப்பானின் மூலையில் பற்றறி 34 வீதம் என்று இருந்தது. கிண்ணியாப் பாலம் ஏறுவதற்குள் திரை ஒருதரம் கறுத்து வெளுத்தது. பிறகு ஒரு வெற்றுப் பற்றறியின் படம். கொலைகாரன் யாரென்று தெரிய இன்னும் பத்துப் பக்கம் கிடந்தது. மின்தாளில் ஒரு படம் ஏறிவிட்டால் அது அங்கேயே நிற்க மின்சாரம் வேண்டாம். மூதூரில் வேலை முடித்துப் பொழுதுபட வீடு திரும்பும்வரை, தன்னிடம் மின்சாரம் இல்லை என்பதை மின்சாரமே இல்லாமல் காட்டிக்கொண்டு வந்தது அந்தச் சனியன்.

அப்படியென்றால் அந்த 34 எங்கிருந்து வந்தது? தேடிப் பார்த்தால், அது அளந்த எண்ணே அல்ல, ஊகித்த எண்.

உள்ளே இருப்பது லிதியம் அயன் பற்றறி. 1991 இல் சோனி முதன்முதலாகச் சந்தைக்கு விட்டது. அதற்கு அடித்தளம் போட்ட குடினஃப், விற்றிங்காம், யோஷினோ மூவருக்கும் 2019 இல் நோபல் பரிசு கிடைத்தது. நல்ல சாமான்தான், ஆனால் வாய் திறக்காது. வெளியே நின்று பார்க்கக்கூடியது அதன் வோல்ற்றளவு. நிறைந்திருந்தால் 4.2, தீர்ந்தால் 3 வோல்ற்றுக்குக் கிட்ட. இடையில் சீராக இறங்கினால் கணக்கு இலகு. அதுவோ தம்பலகாமத்து வயல்போல நெடுந்தூரம் தட்டையாகப் போய், திடீரென்று இராவணன் வெட்டில் விழுகிற மாதிரி விழுகிறது. வயல் நடுவே நிற்கிறவனுக்குப் பள்ளம் எவ்வளவு தூரத்தில் என்று எப்படித் தெரியும்?

அதனால் பல கருவிகளில் ஒரு சில்லு இருந்து கடைக்கொப்பி எழுதுகிறது. வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு. வாசிப்பான் தூங்கும்போது இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறிது. அந்தச் சில்லறை சரியாகக் கொப்பியில் ஏறாது. கிழமைக்கணக்கில் தூங்கவிட்டால் துண்டு விழும். பற்றறிக்கு வயது போகப்போகக் கொள்ளளவும் குறையும். கொப்பியோ பழைய கொள்ளளவை நம்பிக்கொண்டிருக்கும். வெக்கை பற்றறியைச் சீக்கிரம் கிழடாக்கும் என்பதையும், எங்கள் கச்சான் காற்றுக் காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். 2004 இல் ஜப்பானில் வந்த சோனி லிப்ரியே வாசிப்பானில் சின்னப் பென்சில் பற்றறி நான்கு போட்டார்கள். தீர்ந்தால் கடையில் வாங்கிப் போடலாம். அதுவும் ஒரு மரியாதை.

இதையெல்லாம் தெரிந்த ஒரு பற்றறிக் கடையில் போய்ப் புலம்பினேன். கடைக்காரர் பதில் சொல்லாமல் ஒரு லொறிப் பற்றறியின் மூடியைத் திருகினார். தலையில் இறப்பர்க் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாய் ஒன்றை உள்ளே விட்டு அமிலத்தை உறிஞ்சினார். குழாய்க்குள் இருந்த சின்ன மிதவை தள்ளாடி எழுந்து பச்சைக் கோட்டில் நின்றது. "பாருங்க அண்ணன், இது பொய் சொல்லாது" என்றார்.

உண்மைதான். ஈயப் பற்றறியில் அமிலமும் வேலைக்காரன். மின்சாரம் போகப்போக அது நீர்த்துக்கொண்டே வரும். நிறைந்திருந்தால் அதன் ஒப்படர்த்தி 1.27 அளவில் இருக்கும், தீரத்தீர 1.15 பக்கம் இறங்கும். மிதவையும் சேர்ந்து தாழும்.

இங்கேதான் இந்தக் கிழமை முழுக்க நான் அகப்பட்டுக்கொண்டேன். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய நீர்மூழ்கிகளின் 4 ஆவது அணி, அடமன்ற் என்ற தாய்க்கப்பலோடு எங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில்தான் நின்றது. பகலில் நீருக்கடியில் இந்த ஈயப் பற்றறிகளில் ஓட்டம். இரவில் மேலே வந்து டீசல் எஞ்சினைப் போட்டுச் சார்ஜ். நூற்றுக்கணக்கான கலங்கள், ஒவ்வொன்றும் ஆள் தூக்க முடியாத எடை. இன்னும் எவ்வளவு நேரம் அடியில் இருக்கலாம் என்பதற்கு, இதே மாதிரி மிதவையை அமிலத்தில் விட்டுப் பார்த்தார்கள். கலம் வெடித்து அமிலத்தில் கடல்நீர் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1944 ஜனவரியில் பினாங்குக்கு அப்பால் ஜப்பானியக் குரூசர் குமாவை மூழ்கடித்த ராலி-ஹோ என்ற நீர்மூழ்கி இங்கிருந்து போனதுதான். 34 வீதம் என்று சொல்லிவிட்டு நடுவழியில் படுக்கிற கருவியோடு அவர்கள் போயிருந்தால் திரும்பியிருக்க மாட்டார்கள்.

ஆசிரியர் இரண்டு தரம் போன் எடுத்துவிட்டார். சார்ஜ் சங்கதி அடுத்த கிழமை, இந்தத் தரம் நிச்சயம். அதுவரை, உங்கள் வாசிப்பானின் வீதம் தாறுமாறாகக் குதித்தால், ஒருதரம் தீரும்வரை வாசித்துவிட்டு இடையில் கழற்றாமல் நிறையச் சார்ஜ் செய்யுங்கள். கொப்பி ஓரளவு நேராகும்.

இன்னொன்று. 1957 இல் பிரித்தானியக் கடற்படை எங்கள் ஊரைவிட்டுப் போகும்வரை தளத்தின் பட்டறைகளில் வேலை செய்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்திருந்தால், அவர்கள் பற்றறி பற்றிச் சொன்ன கதை எதுவானாலும் எழுதி அனுப்புங்கள்.