தங்கப்பதக்கம் கிடைக்காத சௌத்ரி

‘போலீஸ் சௌத்ரி’ என்று சொல்லிப் பாருங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் உடனே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். 1974-இல் வந்த ‘தங்கப்பதக்கம்’ படத்தில் நடிகர் திலகம் சிவாஜி கணேசன் ஏற்ற எஸ்.பி. சௌத்ரி அவர்கள் கண்முன் வந்து நிற்பார். மடிப்புக் கலையாத சீருடை, கம்பீர நடை, தப்பு செய்தவன் பெற்ற மகனே ஆனாலும் விடமாட்டேன் என்ற உறுதி. மகேந்திரன் எழுதி பி. மாதவன் இயக்கிய அந்தப் படத்தைத் தோட்டத்துத் திடலில் திரை கட்டியும், பின்னாளில் வீடியோ கேசட் வாடகைக்கு எடுத்தும் பார்த்தவர்கள் ஜாசினிலும் அலோர்காஜாவிலும் இன்றைக்கும் அதன் வசனங்களைச் சொல்வார்கள்.

இந்த வாரம் நான் அறிமுகப்படுத்த விரும்புவது இன்னொரு சௌத்ரியை. பெயர் ஹாத்திராம் சௌத்ரி. ‘பாதாள் லோக்’ என்ற இந்தித் தொடரின் நாயகன். அமேசான் பிரைமில் முதல் பாகம் 2020 மே மாதம் வந்தது. இரண்டாம் பாகம் 2025 ஜனவரியில் வந்தது. சுதீப் சர்மா உருவாக்கிய இந்தத் தொடரில் சௌத்ரியாக வாழ்ந்திருப்பவர் ஜெய்தீப் அஹ்லாவத்.

இந்தச் சௌத்ரிக்குக் கம்பீர நடை கிடையாது. தொப்பை உண்டு. கண்களில் எப்போதும் தூக்கக் கலக்கம். டில்லியில் யமுனை ஆற்றுக்கு அந்தப் பக்கம், யாரும் விரும்பி மாற்றல் கேட்காத ஒரு காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர். பல வருட சர்வீஸ் இருந்தும் சொல்லிக்கொள்ளும்படி ஒரு பெரிய வழக்கு கையில் வந்ததில்லை. கூட வேலை செய்தவர்கள் மேலே போய்விட்டார்கள். ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் மகனுக்கு அப்பாவைக் கண்டால் வெட்கம். இப்படிப்பட்ட ஒருவரை ஏன் இத்தனை பேர் நேசிக்கிறார்கள்?

மூன்று உலகங்கள்

தொடரின் ஆரம்பத்திலேயே ஹாத்திராம் தன் இளம் சகா இம்ரான் அன்சாரிக்கு டில்லியை விளக்குவார். பணக்காரர்களும் அதிகாரத்தில் இருப்பவர்களும் வாழும் பகுதி சொர்க்க லோகம். நடுத்தர மக்கள் வாழ்வது பூலோகம். நம்முடைய நிலையம் இருக்கும் இடம் பாதாள லோகம். இதெல்லாம் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது, ஆனால் நான் படித்தது வாட்ஸ்அப்பில் என்று சொல்லி முடிப்பார். சிரிப்பு வரும். கொஞ்சம் யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும்.

அந்தப் பாதாள லோகத்து நிலையத்திற்கு ஒரு நாள் சொர்க்க லோகத்து வழக்கு வருகிறது. பிரபலத் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவரைக் கொல்லச் சதி செய்தார்கள் என்று நான்கு பேர் பிடிபடுகிறார்கள். விசாரணை ஹாத்திராமிடம் ஒப்படைக்கப்படுகிறது. அவர் திறமைசாலி என்பதற்காகக் கொடுக்கவில்லை. இந்த ஆள் அதிகம் தோண்டமாட்டார், சொன்னபடி பைலை மூடிக் கொடுத்துவிடுவார் என்ற கணக்கில்தான் கொடுக்கிறார்கள். கதையின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

ஆனால் அவர் தோண்டுகிறார். தன் நிலையத்தை விட்டு வெளியே போகாதவர் சித்ரகூட் வரை போகிறார். அன்சாரி பஞ்சாப் போகிறார். கைதான நால்வருக்கும் ஊர் உண்டு, தாய் தகப்பன் உண்டு, பட்ட அடிகள் உண்டு என்பது ஒவ்வொன்றாகத் தெரியவருகிறது. இதற்கிடையே ஹாத்திராம் பணி இடைநீக்கம் செய்யப்படுகிறார். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போகிறது. அந்நிய நாட்டுச் சதி என்று பெரிய கதை ஒன்று பத்திரிகையாளர் கூட்டத்தில் சொல்லப்படுகிறது. ஊர் முழுக்க அதை நம்பிவிடுகிறது. ஹாத்திராம் மட்டும் நம்பவில்லை. சீருடை இல்லாமல், சம்பளம் இல்லாமல், யாரும் கேட்காமலேயே விசாரணையைத் தொடர்கிறார்.

உண்மை என்ன என்பதை இங்கே சொல்லிப் பார்க்கப் போகிறவர்களின் சுவையைக் கெடுக்க மாட்டேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். கடைசியில் அவருக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. பதவி உயர்வும் இல்லை. பழைய வேலை திரும்பக் கிடைக்கிறது, அவ்வளவுதான். இரண்டாம் பாகம் தொடங்கும்போதும் அதே இன்ஸ்பெக்டர், அதே நிலையம்.

நம் கைதட்டல் யாருக்கு?

தமிழ்த் திரையில் நாம் போலீஸ்காரர்களைக் கொண்டாடிய விதத்தைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம். 1982-இல் ‘மூன்று முகம்’ அலெக்ஸ் பாண்டியன். 1993-இல் ‘வால்டர் வெற்றிவேல்’. 2003-இல் ‘சாமி’. 2010-இல் ‘சிங்கம்’. ஒவ்வொருவரும் வரும்போது விசில் பறந்தது. ஆனால் இவர்களில் பலர் சட்டத்தைக் காப்பாற்றியது சட்டத்தை மீறித்தான். ‘சாமி’ படத்தில் ஆறுச்சாமி வில்லனை நீதிமன்றத்திற்குக் கொண்டுபோகவில்லை. செங்கல் சூளையில் கதையை முடித்துவிட்டு, வில்லன் தலைமறைவாகிவிட்டான் என்று ஊரை நம்ப வைக்கிறார். நாமும் கைதட்டினோம்.

இந்தக் கைதட்டலை ‘விசாரணை’ போன்ற படங்கள் உலுக்கின. செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கும் போலீசை 2015-இல் அந்தப் படம் நம் முன்னால் நிறுத்தியது. 2021-இல் ‘ஜெய் பீம்’ அதே வேதனையைச் சொன்னது. அதில் பிரகாஷ்ராஜ் ஏற்ற ஐ.ஜி. பெருமாள்சாமி, தன் துறையைக் காப்பாற்றுவதா, உண்மையைத் தேடுவதா என்ற இடத்தில் உண்மையின் பக்கம் நகர்கிறார். ஹாத்திராமுக்கு அவர் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். பெருமாள்சாமியிடம் பதவி இருந்தது. ஹாத்திராமிடம் அதுவும் இல்லை.

அதனால்தான் இந்தப் பாத்திரம் எனக்குப் புதிதாகத் தெரிகிறது. அவரால் வில்லனைத் தூக்கி அடிக்க முடியாது. மேலிடத்தை எதிர்த்துப் பேட்டி கொடுக்க முடியாது. அவர் கையில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். பொய் என்று தெரிந்த பைலை உண்மை என்று ஏற்க மறுப்பது. நேர்மை என்பது வெற்றிக்கான வழி என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். வெற்றி கிடைக்காது என்று தெரிந்த பிறகும் அதே நேர்மையோடு இருப்பவரை எங்கே காட்டுகிறோம்?

சல்யூட் அடிக்கும் குரு

ஹாத்திராமை விட அன்சாரி படித்தவர். முதல் பாகத்தில் நிலையத்தில் இருந்தபடியே இந்திய ஆட்சிப் பணித் தேர்வுக்குத் தயாராகிறார். அவர் முஸ்லிம் என்பதால் சக போலீஸ்காரர்களின் ஜாடைப் பேச்சுகளைச் சகித்துக்கொள்கிறார். ஹாத்திராம் மேடைப் பேச்சு எதுவும் பேசமாட்டார். ஆனால் அவரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார், முக்கியமான வேலையை நம்பிக் கொடுப்பார்.

இரண்டாம் பாகத்தில் அன்சாரி ஐ.பி.எஸ். அதிகாரி ஆகிவிட்டார். நேற்று வரை தனக்குக் கீழே இருந்த பையனுக்கு இன்று ஹாத்திராம் சல்யூட் அடிக்க வேண்டும். அவர் முகத்தில் பொறாமையின் நிழல்கூட இல்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளை டாக்டருக்குப் படித்து வந்தால் நம் தோட்டத்துப் பெரியவர்கள் முகத்தில் வருமே ஒரு பூரிப்பு, அதுதான் தெரிகிறது. அந்த உறவை ஜெய்தீப் அஹ்லாவத்தும் அன்சாரியாக வரும் ஈஷ்வக் சிங்கும் சின்னச் சின்னப் பார்வைகளிலேயே கொண்டு வந்துவிடுகிறார்கள். முதலாவது பிலிம்பேர் ஓ.டி.டி. விருதுகளில் ஜெய்தீப் சிறந்த நடிகர் விருதைப் பெற்றதில் வியப்பில்லை.

ரகு பாஸ்வானைத் தேடுவது யார்?

இரண்டாம் பாகத்தில் இரண்டு வழக்குகள். நாகாலாந்தைச் சேர்ந்த பெரிய தலைவர் டில்லியில் கொலை செய்யப்படுகிறார். அந்த வழக்கு அன்சாரியிடம் வருகிறது. இன்னொன்று, ரகு பாஸ்வான் என்ற ஏழை காணாமல் போன வழக்கு. அவருக்காக நிலையத்துப் படியேறி வருவது அவர் மனைவி மட்டும்தான். அந்த வழக்கு ஹாத்திராமிடம் இருக்கிறது. இரண்டும் ஓரிடத்தில் முட்டிக்கொள்ள, கதை நாகாலாந்து மலைகளுக்குப் போகிறது.

தலைவரின் கொலையைக் கண்டுபிடிக்க அரசாங்கமே பரபரக்கிறது. ரகு பாஸ்வானைக் கண்டுபிடித்தால் யாருக்கும் லாபமில்லை. கண்டுபிடிக்காவிட்டாலும் யாரும் கேட்கப் போவதில்லை. அப்படியும் ஹாத்திராம் அந்தப் பெயரை விடமாட்டேன் என்கிறார். இந்த இடத்தில்தான் தொடர் எனக்கு இந்திக்காரர்களின் கதையாக இல்லாமல் நம் கதையாகவும் மாறியது.

ஒரு நாள் காலை நிகழ்ச்சியில், ‘உங்களுக்குப் பிடித்த போலீஸ் பாத்திரம் எது?’ என்று நேயர்களைக் கேட்டிருந்தேன். எதிர்பார்த்தபடி அலெக்ஸ் பாண்டியனும் துரைசிங்கமும் வந்தார்கள். 1999-இல் தொடங்கி ஆர்டிஎம்மில் நீண்ட காலம் ஓடிய யூசோப் ஹஸ்லாமின் ‘கெராக் காஸ்’ தொடரை மெர்லிமாவ் நேயர் ஒருவர் நினைவுபடுத்தினார். அப்புறம் அலோர்காஜா பக்கம் இருந்து ஓர் அம்மா பேசினார்.

“தம்பி, படத்துல வர்ற போலீசெல்லாம் எனக்குத் தெரியாது. ஒருவாட்டி என் பையன் காணாமப் போயிட்டான். ரிப்போர்ட் போட பாலாய்க்குப் போனேன். ரெண்டு நாள் பாரு, தன்னால வந்துருவான்னு அனுப்பிட்டாங்க. மறுநாளு போனப்ப வயசான ஒரு சார்ஜன் இருந்தாரு, மலாய்க்காரரு. உக்கார வச்சு, தண்ணி கொடுத்து, நான் சொன்னத பூரா எழுதிக்கிட்டாரு. என் மலாய் அரைகுறைதான். ஆனா அவசரப்படுத்தல. எனக்கு அவருதான் போலீசு.”

ஒலிபரப்பில் சில விநாடி என்னால் எதுவும் பேச முடியவில்லை. அடுத்த பாடலைப் போட்டுவிட்டேன். ஹாத்திராம் சௌத்ரியைப் பற்றி நான் எழுத நினைத்த எல்லாவற்றையும் தொடரைப் பார்க்காத ஓர் அம்மா சொல்லிவிட்டார்.

தோட்டத்து மக்களுக்கும் போலீசுக்கும் நடுவே ஒரு தூரம் எப்போதும் இருந்தது. 1948-இல் தொடங்கிய அவசரகாலத்தில் முள்வேலியும் ஊரடங்கும் பார்த்த தலைமுறை ‘மாத்தா வருது’ என்றாலே பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டது. லயத்தை விட்டு டவுன் பக்கம் வந்த பிறகும் அந்தத் தயக்கம் முழுதாகப் போய்விடவில்லை. புகார் கொடுக்கப் போகும்போது துணைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போகும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் உண்டு.

அவர் மகான் அல்ல

ஒன்றை மறைக்கக் கூடாது. ஹாத்திராம் குறையில்லாதவர் அல்ல. விசாரணையில் அவர் கை நீளும். வீட்டிலும் கோபம் எல்லை மீறும். அடிக்கும் தகப்பனிடம் வளர்ந்தவர் அவர். அந்த நஞ்சு தன் ரத்தத்திலும் இருக்கிறது என்பது அவருக்கே தெரியும். தன் மகனிடம் தான் இன்னொரு கொடுமைக்காரத் தகப்பனாக ஆகிவிடக் கூடாது என்று அவர் படும் பாடு, கொலை வழக்கை விடச் சுவாரஸ்யமான கதை.

ஆனால் விசாரணை அறையில் விழும் அடியை ‘நல்ல போலீஸ் அடிச்சா தப்பில்ல’ என்று நாம் தாண்டிப் போக முடியாது. 2009-இல் சுபாங் ஜெயாவில் தடுப்புக் காவலில் ஓர் இந்திய இளைஞர் இறந்தபோது நம் சமூகம் எப்படிக் கொதித்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். அதற்கு முன்பே, 2005-இல், முன்னாள் தலைமை நீதிபதி முகமட் ஜைடின் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் போலீஸ் துறைக்கு 125 பரிந்துரைகளைச் செய்திருந்தது. சுதந்திரமான புகார் ஆணையம் வேண்டும் என்பது அவற்றில் முக்கியமானது. பல ஆண்டுகள் பேசிப் பேசி, அதைவிடக் குறைந்த அதிகாரத்தோடு ஐ.பி.சி.சி. என்ற ஆணையம் 2023 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது.

ஆணையம் வேண்டும், சட்டம் வேண்டும், கேமரா வேண்டும். எல்லாம் வேண்டும். ஆனால் இவை எல்லாம் தப்பு நடந்த பிறகு வருபவை. தப்பு நடக்கும் முன்னால், நடுராத்திரியில், மேலதிகாரி இல்லாத நேரத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் மனசாட்சிதான் நமக்கு மிச்சம். ஹாத்திராம் சௌத்ரி நமக்கு நினைவுபடுத்துவது அதைத்தான்.

யார் பார்க்கலாம்?

முதல் பாகம் 9 அத்தியாயங்கள், இரண்டாம் பாகம் 8. வன்முறையும் கெட்ட வார்த்தைகளும் நிறைய உண்டு. சிறு பிள்ளைகள் தூங்கிய பிறகு பாருங்கள். இந்தி தெரியாவிட்டாலும் கீழே வரும் வசன வரிகளோடு பார்த்தால் விளங்கும். முதல் இரண்டு அத்தியாயங்கள் மெதுவாகப் போவது போல் இருக்கும். பொறுமையாக இருங்கள், மூன்றாவதில் இழுத்துவிடும். தமிழிலேயே வேண்டும் என்பவர்கள் 2022-இல் வந்த ‘வதந்தி’ தொடரைப் பார்க்கலாம். இறந்துபோன ஒரு பெண்ணைப் பற்றி ஊர் பேசும் கதைகளுக்கு நடுவே உண்மையைத் தேடி அலையும் சப்-இன்ஸ்பெக்டராக எஸ்.ஜே. சூர்யா நன்றாகச் செய்திருப்பார்.

நம் நாட்டுப் போலீஸ் துறையில் இந்தியர்கள் குறைவு என்று கூட்டங்களில் அடிக்கடி பேசுகிறோம். சேருங்கள் என்று இளைஞர்களிடம் சொல்கிறோம். நல்லதுதான். சேரப்போகும் தம்பி தங்கைகளுக்கு என்னிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. சிங்கம் போல் கர்ஜிக்க ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் ஒரு ரகு பாஸ்வானின் மனைவி அரைகுறை மலாயில் அழுதுகொண்டே உங்கள் மேசைக்கு வரும் நாள் ஒன்று வரும். அன்றைக்கு அவரை உட்கார வைத்து, சொல்வதை முழுசாக எழுதிக்கொள்ளுங்கள். பதக்கம் எதுவும் வராது. ஆனால் அந்தக் குடும்பம் உங்களை மறக்காது.