புறநகர் வட்டாரச் செய்தித்தாளின் மொழி

நாளிதழ்த் தமிழ் பற்றிய ஆய்வுகள் பல வந்துள்ளன. ஒரு புறநகரின் வீடுகளுக்கு வாரந்தோறும் விலையின்றி வழங்கப்பெறும் வட்டாரச் செய்தித்தாளின் மொழி அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. விளம்பர வருவாயில் நடப்பது, அரசியல் கட்டுரைகள் இல்லாதது என்னும் காரணங்களால் அது ஆய்வுக்குரிய பனுவலாகவே கருதப்படவில்லை போலும். ஆயினும் குடிநீர், கழிவுநீர், சொத்துவரி, சாலை ஆகியவை குறித்து அரசு அலுவலகம் எழுதும் மொழியைக் குடியிருப்போர் பேசும் மொழியோடு இணைக்கும் பணியை இவ்வகை இதழ்களே செய்துவருகின்றன. அப்பணியில் நேரும் சொற்பிழை வாசகரின் பணத்தையும் நாளையும் வீணாக்கக்கூடியது.

சிகாகோ நகரின் வட்டார வார இதழ்களை ஆராய்ந்த மாரிஸ் ஜானோவிட்ஸ், 1952இல் வெளிவந்த தம் நூலில் இவை பெருநகர நாளிதழ்களுக்குப் போட்டியாக அன்றித் துணையாகவே அமைகின்றன என்று காட்டினார். வட்டாரத்தின்பால் மக்கள் கொள்ளும் ஈடுபாட்டைக் குறிக்க அவர் ஆண்ட கலைச்சொல் நிறுமச் சட்டத்திலிருந்து எடுத்தது. அதனை 'வரையறுத்த பொறுப்புச் சமூகம்' எனப் பெயர்த்தால் சட்ட மணம் நிற்கிறது; பொருள் விளங்குவதில்லை. 'அளவான ஈடுபாடுடைய சமூகம்' என்றால் பொருள் விளங்குகிறது, உருவகம் போய்விடுகிறது. முதலீட்டைப்போல் ஈடுபாட்டையும் வேண்டியபோது திரும்பப் பெறலாம் என்பது அவ்வுருவகத்தின் உயிர் ஆதலால், முன்னதே ஏற்புடையது எனலாம்.

சென்னையில் 1990களில் இத்தகைய இதழ்கள் பெருகின. 1994இல் தொடங்கப்பெற்ற 'மயிலாப்பூர் டைம்ஸ்' அவற்றுள் நன்கறியப்பட்டது. மயிலாப்பூர் புறநகர் அன்று. எனினும் அவ்விதழின் அமைப்பு புறநகர் இதழ்களுக்கும் பொருந்துவதே.

வட்டார இதழின் மிகச் சிறிய செய்தியிலும் இலக்கணச் சிக்கல் உண்டு. 'புதன்கிழமை குடிநீர் வரும்' என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். 'வரும்' என்னும் செய்யும் என்முற்று எதிர்காலத்தையும் வழக்கமாக நிகழ்வதையும் ஒருங்கே குறிக்கும். வருகிற புதன் மட்டுமா, புதன்தோறுமா என்பதை அத்தொடர் தெளிவுபடுத்தாது. வெளியூர் வாசகருக்கு இதனால் இழப்பில்லை. குடத்தோடு காத்திருப்பவருக்கு உண்டு. நாளிதழில் பொறுத்துக்கொள்ளத்தக்க இவ்விருபொருள் இங்கே பிழையாகிறது. 'தோறும்' என்னும் இடைச்சொல்லோ தேதியோ சேர்த்தாக வேண்டும்.

செயப்பாட்டுவினை இன்னும் நுட்பமானது. 'குழாய் பதிக்கப்படும்', 'சாலை சீரமைக்கப்படும்' என்பன அலுவலக அறிக்கைகளின் இயல்பான நடை. எழுவாயாய் நிற்க வேண்டிய துறை அத்தொடர்களில் மறைந்துவிடுகிறது. நாளிதழ் அதனை அப்படியே அச்சிடலாம். வட்டார இதழின் வாசகர் மறுநாள் எந்த அலுவலகத்தின் படியேறுவது என்று அறியவே செய்தியைப் படிக்கிறார். செயப்பாட்டைச் செய்வினையாக மாற்றிச் செய்பவரைக் கேட்டறிந்து எழுதுவது இவ்விதழாளரின் தலையாய மொழிபெயர்ப்புப் பணி. இஃது ஒருமொழிக்குள்ளேயே நிகழும் மொழிபெயர்ப்பு.

கலைச்சொற்களில் 'டிரெயினேஜ்' என்னும் கடன்சொல் தனியே நோக்கத்தக்கது. பேச்சுவழக்கில் அது கழிவுநீர்க் குழாயையும் மழைநீர் வடிகாலையும் குறிக்கிறது. சென்னையில் முன்னது 1978இல் அமைக்கப்பெற்ற குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியத்தின் பொறுப்பு. பின்னது மாநகராட்சியின் பொறுப்பு. சொல் ஒன்றானதால் முறையீடு தவறான அலுவலகத்துக்குப் போகிறது. கழிவுநீரை மழைநீர் வடிகாலில் இணைத்துவிடும் வழக்கத்துக்கும் இச்சொல்மயக்கம் ஒரு சிறு காரணமாக இருக்கலாம். 2000இல் பணி தொடங்கிய ஆலந்தூர்த் திட்டத்தில் வழங்கிய 'பாதாளச் சாக்கடை' பண்டிதர் விரும்பாத சொல்; 'புதைவடிகால்' அழகியது. மக்கள் நாவில் முன்னதே நின்றது. அத்திட்டத்தில் வீட்டு இணைப்புக்கென 5,000 ரூபாய் பெறப்பட்டது. இத்தகைய தொகையை 'வைப்புத்தொகை' என்று எழுதினால் வங்கி வைப்பைப்போல் திரும்பி வரும் என வாசகர் கொள்வர். 'கட்டணம்' என்றால் அவ்வெதிர்பார்ப்பு எழாது. அகராதி இரண்டையும் தரும். ஆணையைப் படித்தே ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

இடப்பெயர்களிலும் இவ்விதழ்கள் அரிய தரவுகளைக் கொண்டுள்ளன. 2011இல் 42 உள்ளாட்சி அமைப்புகள் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டபோது அதன் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆயிற்று. வார்டு எண்கள் மாறின. ஒரே மாநகராட்சிக்குள் காந்தி தெருக்கள் பல சேர்ந்தன. 'பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ச்சந்து' என்று எழுதும் வட்டார இதழுக்கு இதனால் இடரில்லை. வாசகரின் பொது அறிவே அதன் முற்கோள். அதே செய்தியை வேற்றுமொழியில் பெயர்ப்பவருக்கு அம்முற்கோள் கிட்டாது. பழவந்தாங்கல் போன்ற பெயர்களில் உள்ள 'தாங்கல்' சிறு நீர்நிலையைக் குறிப்பது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் இத்தகைய ஈறுகளின் பொருளைக் குடியிருப்போரும் கேட்கத் தொடங்கினர். மனை வாங்குமுன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

'குடியிருப்போர்' என்னும் சொல்லும் ஐயத்துக்குரியது. அகராதிப்படி அது வசிப்பவர் அனைவரையும் குறிக்கும். 'குடியிருப்போர் நலச் சங்கம்' என்னும் தொடரிலோ பெரும்பாலும் வீட்டு உரிமையாளரையே சுட்டுகிறது. அதே வினை 'வாடகைக்குக் குடியிருக்கிறார்' என வாடகையாளருக்கும் வழங்குகிறது. சென்னை வட்டார இதழ்களுள் நன்கறியப்பட்டவை ஆங்கிலத்தில் வருவதால் இவ்வரையறை மேலும் சுருங்குகிறது. சங்கக் கூட்டம், இசைவிழா, பள்ளிச் சேர்க்கை ஆகியவை அவற்றில் நன்கு இடம்பெறுகின்றன. அதே தெருவில் வீட்டுவேலை செய்பவரும் இஸ்திரி போடுபவரும் அதே குழாயின் நீரையே எதிர்பார்க்கின்றனர்; புதன்கிழமைச் செய்தி அவர்களுக்கு அச்சில் எட்டுவதில்லை. கோலம், மாடவீதி போன்ற தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தாராளமாக ஆளும் இவ்விதழ்கள், குடிநீர் அறிவிப்பை மட்டுமேனும் இருமொழியிலும் வெளியிட அரைப்பக்கம் போதும்.