கவியும் வடிகட்டியும்: வீட்டில் இலக்கமுறை ஒலியைத் தெரிந்து கேட்டல் பற்றி ஒரு விளக்கம்

வாய்மொழி இலக்கியத்தை ஆராய முற்படும் ஒருவர் இன்று அச்சிட்ட தொகுப்புக்களை மட்டும் நம்பியிருத்தல் இயலாது. பாடியவரின் குரலே அவருக்கு மூலபாடம். அக்குரலோ பெரும்பாலும் கணினியில் அல்லது கைத்தொலைபேசியில் உள்ள ஓர் ஒலிக்கோப்பாகவே அவரை வந்தடைகின்றது. ஏட்டுப் பிரதிகளுக்கிடையே பாடபேதம் நோக்குவது ஆய்வாளர் கடன் என ஒப்புக்கொள்ளும் நாம், ஒலிக்கோப்பு நம் காதை அடையுமுன் கடந்துவரும் படிகளையும் அறிந்திருத்தல் வேண்டும். இக்கட்டுரை அப்படிகளுள் இறுதியானதையே சிறப்பாக ஆராய்கின்றது. இலக்கங்களை மீண்டும் ஒலியலையாக்கும் 'டக்' எனப்படும் மாற்றியையும், அதனுள் அமைந்த வடிகட்டிகளையும் எவ்வாறு தெரிவது என்பதே வினா.

இவ்வினா எமக்கு எழுந்த இடம் நிந்தவூர். இவ்வூரிலும் ஒலுவில், சாய்ந்தமருது, கல்முனை முதலிய அயலூர்களிலும் முஸ்லிம் குடும்பங்களின் பழைய ஒலிச்செல்வம் கசற்றுக்களிலேயே தங்கியது. 1970களின் பிற்பகுதியிலிருந்து மத்திய கிழக்குக்கு உழைக்கச் சென்றோர் கொணர்ந்த கசற் கருவிகள் வீடுகளுக்குள் வந்தன. கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து அனுப்பும் வழக்கமும் அக்கருவிகளோடு வந்தது. நாகூர் ஈ. எம். ஹனிபாவின் பாடல்கள், வானொலி முஸ்லிம் நிகழ்ச்சிகள், பொல்லடிப் பாட்டு, நோன்பு காலத்தில் ஸஹருக்கு எழுப்பும் பக்கீர்மாரின் றபான் பாட்டு, மூத்த பெண்கள் பாடிய கவி ஆகியன அந்நாடாக்களில் அருகருகே கிடக்கின்றன. அவற்றைக் கோப்பாக்கிக் கேட்கும் இளைஞர் சிலர் இன்று விலையுயர்ந்த டக் கருவியொன்றை வாங்கிவைத்துக்கொண்டு, எந்த வடிகட்டியை இட்டால் பழைய குரல் தெளியும் என வினவுகின்றனர். வினா நியாயமானது. விடை அவர்கள் எதிர்பார்க்கும் திசையில் இல்லை என்பதே நாம் கூற விழைவது.

1

முதலில் தொழினுட்பத்தின் அடிப்படையை நோக்குவோம். 1982இல் சந்தைக்கு வந்த இறுவட்டு, ஒலியலையின் உயரத்தை ஒரு செக்கனுக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் இலக்கமாக எழுதியது. இவ்வாறு எழுதப்படும் ஒவ்வோர் அளவும் மாதிரி எனப்படும். மாதிரி வீதத்தின் அரைவாசிக்குக் குறைந்த மீடிறன்கள் அனைத்தையும் மாதிரிகளிலிருந்து முழுமையாக மீட்கலாம் என்பது கோட்பாடு. 1928இல் நைகுவிஸ்ற், 1933இல் சோவியத் அறிஞர் கொட்டெல்னிக்கொவ், 1949இல் ஷனன் ஆகியோரின் எழுத்துக்கள் இதனை நிலைநாட்டின. ஆகவே இறுவட்டு 22,050 ஹேர்ட்ஸ் வரை தாங்கவல்லது. இளமையிற் கூட மனிதச் செவியின் மேலெல்லை ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ். வயது ஏற ஏற அது இறங்கும்.

மாதிரிகளை அப்படியே மின்னலையாக்கினால் மூல ஒலியோடு அதன் போலிகளும் தோன்றும். 20,000 ஹேர்ட்ஸ் தொனிக்கு 24,100 ஹேர்ட்ஸில் ஒரு போலி பிறக்கும். மூலத்தைக் கடத்திப் போலியைத் தடுப்பதே வடிகட்டியின் தொழில். இவ்வளவு குறுகிய இடைவெளியில் செங்குத்தாக வெட்டும் வடிகட்டியை மின்தடையும் கொள்ளளவியும் கொண்டு செய்வது கடினம், செலவும் மிகும். எனவே மாதிரிகளுக்கு இடையே கணித்துப் பெற்ற மாதிரிகளைச் செருகி வீதத்தை உயர்த்தும் முறை கையாளப்பட்டது. இதுவே மாதிரிப் பெருக்கம். பிலிப்ஸ் நிறுவனத்தின் முதல் இறுவட்டுக் கருவிகள் 14 பிட் மாற்றியை வைத்துக்கொண்டு வீதத்தை நான்கு மடங்காக, அதாவது 176,400 ஆக உயர்த்தின. அப்போது முதற் போலி 156,400 ஹேர்ட்ஸுக்கு அப்பால் தள்ளப்படுகின்றது. எளிய வடிகட்டியே போதுமானதாகின்றது. 1982 ஒக்ரோபரில் யப்பானில் வெளிவந்த சோனியின் முதற் கருவியோ 16 பிட் மாற்றியைப் பெருக்கமின்றிப் பயன்படுத்தியது.

இங்கு மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. செருகப்படும் மாதிரிகள் ஏற்கெனவே உள்ளவற்றிலிருந்து கணிக்கப்பட்டவை. அவை புதிய செய்தி எதனையும் கொணர்வதில்லை. பதிவில் இல்லாத உயிர்ப்பை மாதிரிப் பெருக்கம் உண்டாக்கும் என்பது விளம்பரத்தின் கூற்று. மேலும், இன்றைய டக் கருவிகளிற் பெரும்பாலானவை உள்ளேயே இப்பெருக்கத்தைச் செய்கின்றன. கணினியில் நாம் தனியே அதனைச் செய்தால், அதே வேலையின் ஒரு பகுதியைச் சில்லிலிருந்து கணினிக்கு மாற்றுகின்றோம், அவ்வளவே.

2

கருவிகள் தரும் தெரிவுகள் பெயரளவிற் பலவாயினும் இயல்பளவில் நான்கெனலாம். கூர்மையான நேர்க்கட்ட வடிகட்டி 20,000 ஹேர்ட்ஸ் வரை சமமாகக் கடத்தி, அப்பால் செங்குத்தாக வெட்டும். திடீர் ஒலிக்கு முன்னும் பின்னும் சிறு அதிர்வலை தோன்றுவது அதன் விலை. இழிவுக்கட்ட வடிகட்டியில் அவ்வதிர்வு ஒலிக்குப் பின்னரே தோன்றும். ஆனால் உயர் மீடிறன்களின் கட்டம் சிறிது பிறழும். மெதுவாகச் சரியும் வடிகட்டியில் அதிர்வு குறைவு. உச்ச மீடிறன்கள் சற்றுத் தேயும், போலிகளும் ஓரளவு கசியும். வடிகட்டியே இல்லாத நான்காம் முறையில் 20,000 ஹேர்ட்ஸில் ஏறத்தாழ 3.2 டெசிபெல் இழப்பு ஏற்படுவதோடு போலிகள் யாவும் வெளிவரும்.

பொல்லடியில் கோலொடு கோல் மோதும் ஒலியும் றபானில் விரல் விழும் ஒலியும் திடீர் ஒலிகளே. அவை முன்னதிர்வால் மழுங்காவோ என்ற ஐயம் எழலாம். அவ்வதிர்வு நிகழ்வது வடிகட்டி வெட்டும் இடத்தில், அதாவது 22,000 ஹேர்ட்ஸை அண்டியே. அது செவியின் எல்லைக்கு வெளியே உள்ளது. நமது பதிவுகளோ அவ்விடத்தை எட்டுவதேயில்லை. பண்பலை ஒலிபரப்பு 15,000 ஹேர்ட்ஸுடன் நின்றுவிடுகின்றது. வீட்டுக் கசற்றுக்களில் அதற்கு மேற் பயனுள்ள ஒலி கிடைப்பது அரிது. வெட்டுமிடத்தில் ஒலியே இல்லாதபோது வெட்டும் முறைகளுக்கிடையே வேறுபாடு எங்ஙனம் புலப்படும்?

நல்ல பதிவுகளைக் கொண்டு செய்த சோதனைகளும் கவனத்துக்குரியன. 2007இல் மேயரும் மோரனும் வெளியிட்ட ஆய்வில், உயர்தரப் பதிவை இறுவட்டின் தரத்துக்கு இறக்கியபோது அதனை இனங்காணுமாறு கேட்போர் வேண்டப்பட்டனர். 554 முறைகளில் 276 முறையே விடை சரியாயிற்று. நாணயம் சுண்டினாலும் அவ்வளவு கிடைக்கும். 2016இல் இலண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றைஸ் 18 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, சரியான விடை 52.3 வீதம் எனக் கண்டார். வேறுபாடு அறவே இல்லை என்று நாம் வாதிடவில்லை. இருப்பினும் அது மிகச் சிறிது என்பதை இரு ஆய்வுகளும் காட்டுகின்றன.

3

அப்படியாயின் வீட்டிற் கேட்போர் செய்யத்தக்கது யாது? கூர்மையான நேர்க்கட்ட வடிகட்டியைத் தெரிந்து, அதனை மறந்துவிடலாம். கோப்பு 44,100 வீதத்ததாயின் கணினியின் வெளியீட்டையும் அவ்வீதத்திலேயே வைத்தல் நன்று. காணொளிகளிலிருந்து பெற்றவை பெரும்பாலும் 48,000 வீதத்தன. வெளியீட்டை 24 பிட்டில் அமைத்தால் கணினியில் ஒலியளவைக் குறைப்பதால் கேட்கத்தக்க இழப்பு நேராது. மாதிரிப் பெருக்கம் செய்வதாயின் அதற்கு முன் ஒலியளவை 3 அல்லது 4 டெசிபெல் தாழ்த்துதல் வேண்டும். 11,025 ஹேர்ட்ஸ் தொனியொன்றின் மாதிரிகள் அலையின் உச்சிக்கு இருபுறமும் விழுமாயின், உண்மையான உச்சி அவற்றைவிட 3 டெசிபெல் உயர்ந்திருக்கும். எல்லைவரை உரப்பாக்கப்பட்ட பதிவுகளில் இவ்வுச்சி நறுக்குண்டு கரகரப்பாகும். வடிகட்டித் தெரிவைவிட இவ்வொரு படி செவிக்குப் புலப்படும் வாய்ப்பு மிகுதி.

இரு வடிகட்டிகளை ஒப்பிடுவோர் இரண்டினதும் ஒலியளவைச் சமப்படுத்தி, எது ஒலிக்கின்றது என்பதை அறியாத நிலையிலேயே கேட்டல் வேண்டும். சற்று உரத்து ஒலிப்பதே சிறந்ததாகத் தோன்றுவது செவியின் இயல்பு. காற்றாடி சுழலும் அறையில், ஒலிபெருக்கியைச் சுவரிலிருந்து ஓரடி நகர்த்துவதால் விளையும் மாற்றம், மேற்கூறிய நான்கு வடிகட்டிகளுக்கிடையேயுள்ள வேறுபாட்டிலும் பன்மடங்கு பெரிது.

4

இத்தனைக்கும் பின்னரும் வடிகட்டி பற்றிய ஆர்வம் தணியாதிருப்பதன் காரணத்தைத் தொழினுட்பத்துக்கு வெளியே தேடல் வேண்டும். 1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதற் பாகத்தில் மார்க்ஸ் பண்ட மாயையை விளக்கினார். மனிதர்களுக்கிடையேயான உழைப்பின் உறவு, பொருளின் இயற்கையான குணம்போலத் தோற்றமளிக்கும் என்பது அவர் காட்டிய உண்மை. பழைய குரல் மங்கலாக ஒலிப்பதற்கும் ஒரு சமூக வரலாறுண்டு. பதிவுக்கூடங்கள் கொழும்பில் இருந்தன. வயற்காவற் பரணில் கவி பாடிய உழவனிடமும் குடிலில் தாலாட்டிய தாயிடமும் ஒலிவாங்கி இருக்கவில்லை. அவர்கள் குரல் பதிவானபோது மலிவான நாடாவிலேயே பதிவாயிற்று. அவ்வரலாற்றுக் குறையைக் கருவியொன்றின் அமைப்பிலுள்ள தெரிவு தீர்த்துவைக்கும் எனச் சந்தை நம்மை நம்பச் செய்கின்றது.

குறையை உண்மையிற் குறைக்கக்கூடிய இடம் சங்கிலியின் முதற் கண்ணியே. கசற் நாடா செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடுகின்றது. நாடாவைப் படிக்கும் தலையின் சாய்வு, பதிந்த கருவியின் தலைச் சாய்வோடு ஒத்திராவிடின் உயர் மீடிறன்கள் மறைந்துவிடும். சிறு திருப்புளியால் தலையருகேயுள்ள ஆணியை மெல்லத் திருப்பி, ஒலி மிகத் தெளியும் இடத்தில் நிறுத்தினால், எந்த டக் கருவியும் தராத மீட்சி கிட்டும். தலையைத் துடைத்தபின் நாடாவை ஓடவிட்டு, 24 பிட்டில், குறைந்தது 48,000 வீதத்தில், சுருக்கப்படாத கோப்பாகப் பதிதல் வேண்டும். ஒலி ஆவணக் காப்பாளரின் சர்வதேசச் சங்கமும் குறைந்தபட்ச அளவாக இதனையே விதந்துரைக்கின்றது. யார் பாடியது, எவ்வூர், எச்சந்தர்ப்பம் என்பவற்றையும் அன்றே எழுதிவைத்தல் வேண்டும். கோப்பின் படிகள் வெவ்வேறு இடங்களில் இருத்தல் அவசியம். 2005இல் தொடங்கிய நூலக நிறுவனம் ஈழத்து ஒலிப்பதிவுகளையும் ஆவணப்படுத்திவருவது இவ்விடத்து நினைவுகூரத்தக்கது.

படிகள் பல வேண்டும் என நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26ஆந் திகதிய ஆழிப்பேரலையில், இலங்கையில் மிகுந்த உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டமே. நிந்தவூர்க் கரையிலும் வீடுகள் அழிந்தன. வீட்டோடு அலுமாரிகளும் அவற்றிலிருந்தவையும் சென்றன. எஞ்சிய நாடாக்கள் உப்புக்காற்றில் ஆண்டுதோறும் நலிகின்றன. அவற்றை ஓட்டும் கருவிகளும் பழுதாகி வருகின்றன. பாடிய மூத்தோர் பலர் இன்றில்லை.

எனவே எம்மிடம் வினவும் இளைஞர்க்கு நாம் கூறுவது இதுவே. டக் கருவி இருக்கட்டும். அதன் வடிகட்டி தொடக்கத்தில் இருந்தவாறே இருக்கட்டும். அடுத்த கருவிக்கெனச் சேர்த்த பணத்தில் பழுதற்ற கசற் கருவியொன்றைத் தேடிப் பெறுக. தம் வீட்டு அலுமாரியிலும் அயல் வீட்டு அலுமாரியிலும் உள்ள நாடாக்களை முதலில் ஓடவிடுக. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இம்முயற்சியைத் தம் ஆய்வுப்பணியின் ஒரு பகுதியாக ஏற்குமாயின், வாய்மொழி இலக்கிய ஆய்வுக்கு வேண்டிய மூலபாடங்கள் நமக்குக் கிட்டும்.