வெளிச்சுவருக்கு மினுக்கம் வேண்டுமா?

வீடு கட்டுவோர் அத்திவாரத்துக்கும் கூரைக்கும் எவ்வளவோ யோசிக்கின்றனர். பெயின்ற் பூசும் கட்டம் வரும்போது கையிற் காசும் குறைந்துவிடும், பொறுமையும் குறைந்துவிடும். கடைக்காரர் எடுத்துத் தரும் வாளியோடு திரும்பி விடுகின்றோம். 2009இல் யுத்தம் முடிந்தபின் வடக்கு, கிழக்குக் கிராமங்களில் ஏராளமான குடும்பங்கள் கல்வீடு கட்டின. பலருக்கு வாழ்நாளில் அதுவே முதற் கல்வீடு. அவ்வீடுகள் சிலவற்றில் வெளிச்சுவர்ப் பெயின்ற் கொப்பளித்து, பாம்புச் செட்டைபோல் உரிந்து நிற்பதை நாம் காண்கின்றோம். "மலிவுப் பெயின்ற், அதுதான்" என்று வீட்டுக்காரர் சொல்வர். ஆனால் விலை கூடிய, நன்றாக மினுங்கும் பெயின்ற் பூசிய சுவர்களும் அப்படியே உரிந்திருக்கின்றனவே!

என்ன நிறம் என்று குடும்பம் முழுவதும் கூடி விவாதிக்கும். எவ்வளவு மினுக்கம் என்று எவரும் கேட்பதில்லை. நிறம் கண்ணுக்கு உரியது. பூச்சு எத்தனை வருடம் நிற்கும் என்பதில் மினுக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

பெயின்ற்றில் முக்கியமாக மூன்று பொருட்கள் உள்ளன: நிறமும் கனமும் தரும் தூள், தூளைச் சுவரோடு பிடித்து வைக்கும் பசை, இரண்டையும் இளக்கி வைக்கும் நீர் அல்லது தின்னர். பசை கூடித் தூள் குறைந்தால், காய்ந்தபின் மேலே வழுவழுப்பான தோல் ஒன்று உண்டாகும். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்புவதால் மினுங்குகின்றது. இதைக் கடைகளில் 'குளொஸ்' என்பர். தூள் கூடினால் மேற்பரப்பு நுண்ணிய சொரசொரப்பாகி வெளிச்சத்தைச் சிதறடிக்கும். அது மங்கலான 'மற்'. இரண்டுக்கும் நடுவே இலேசாக மினுங்கும் வகைகள் உண்டு. தூள் மிகுந்த பூச்சில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் இருப்பதால் சுவருக்குள் இருக்கும் நீராவி வெளியேற வழி உண்டு. வழுவழுப்பான தோல் அந்த வழியை அடைத்துவிடும்.

சுவருக்குள் நீர் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். எமது பகுதிகளில் அதற்குக் குறைவே இல்லை. அத்திவாரத்துக்கு மேல் ஈரம் ஏறாதபடி தடைப்படை போடாத வீடுகளில் நிலத்து ஈரம் சீமெந்துக்கல்லின் வழியே மேலேறும். கரையோரக் கிராமங்களில் உவர்க் கிணற்று நீரில் சாந்து குழைத்திருந்தால் ஈரத்தோடு உப்பும் சுவருக்குள் இருக்கும். வெயில் ஏற, ஈரம் வெளியே வரப் பார்க்கும். வழி அடைபட்டிருந்தால் பூச்சைத் தள்ளிக் கொப்பளமாக்கும். கூட வந்த உப்பு பூச்சின் கீழே பூத்துப் பிடிப்பைக் கெடுக்கும். வெள்ளைத் தூளாக உப்புப் பூத்த சுவரைக் கழுவினால் உப்புக் கரைந்து மறுபடியும் உள்ளே போகும். உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, மீண்டும் பூக்கின்றதா என்று சில வாரம் பார்ப்பதே நல்லது.

சிலர் கதவுக்கு வாங்கிய எண்ணெய்ப் பெயின்ற்றை, அதாவது எனாமலை, வெளிச்சுவருக்கும் பூசுகின்றனர். புதுச் சீமெந்துப் பூச்சில் காரத்தன்மை அதிகம். எண்ணெயும் காரமும் ஈரத்தில் சேர்ந்தால் என்ன ஆகும்? சவர்க்காரம் ஆகும். எனாமலுக்கும் அதுவே நடக்கின்றது. பிசுபிசுத்துக் கழன்றுவிடும். புதுச்சுவரைக் குறைந்தது 28 நாட்களாவது விட்டு, காரத்தைத் தாங்கும் பிறைமர் பூசி, அதன்மேல் வெளிச்சுவருக்கென்றே செய்த அக்ரிலிக் எமல்ஷனை மற் வகையில் அல்லது இலேசான மினுக்கத்தில் பூசுவதே எமது ஆலோசனை. உட்சுவர் எமல்ஷன் மலிவு என்று வெளியே பூசினால் மழையிலும் வெயிலிலும் விரைவிலேயே தூளாகிக் கையில் ஒட்டும்.

மற் பூச்சுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. மேசனார் கைத்தட்டால் இழுத்த மேடுபள்ளங்களை அது மறைக்கும். மினுங்கும் சுவரில் மாலை வெயில் சாய்வாக விழுந்தால் எல்லாக் குறையும் எழுந்து நிற்கும். குறையும் சொல்லத்தான் வேண்டும்: மற் சுவரில் தூசி தங்கும், மாரிக்குப்பின் பாசி பிடிக்கும். மலையகத்தின் பனிமூட்டத்தில் இது இன்னும் அதிகம். குளோரீன் தூளை நீரிற் கரைத்துப் பூசி, சற்றுப் பொறுத்துத் தேய்த்துக் கழுவினால் பாசி போகும். கையுறை அவசியம். கழுவிய சுவர் காயுமுன் மேலே பூசக்கூடாது.

வலிகாமத்துச் செம்மண் வீடுகளில் மழைத்துளி தெறித்துச் சுவரின் அடிப்பாகம் சிவப்பேறிவிடும். கழுவ இலகு என்று அங்கே மட்டும் குளொஸ் பூசும் வழக்கம் உண்டு. ஆனால் நிலத்து ஈரம் ஏறுவதும் அதே இரண்டு மூன்று அடியில்தான். மண்ணின் நிறத்திலேயே மற் பட்டி ஒன்று அடித்துவிட்டால் தெறித்த மண் கண்ணுக்குத் தெரியாது, சுவரும் மூச்சு விடும். காவி, மண்சிவப்பு போன்ற இரும்புத் தூள் நிறங்கள் வெயிலுக்கு இலகுவில் வெளிறாதவை.

குளொஸின் இடம் கதவு, யன்னல், கிறில் கம்பிகள். மரமும் இரும்பும் மழைநீரை உள்ளே விடாமற் காக்கப்பட வேண்டியவை. அங்கே அந்தத் தோல் தேவை.

காசு இல்லாதவர் சுண்ணாம்பை இழிவாக நினைக்க வேண்டியதில்லை. நாற்சார் வீடுகள் தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்பு வெள்ளையிலேயே நின்றன. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்து மீண்டும் கல்லாக இறுகும். நீராவியை விடும், அதன் காரம் பாசியையும் தடுக்கும். மாரிக்கு மாரி கரைவதால் அடிக்கடி அடிக்க வேண்டும் என்பதே அதன் குறை. பின்னர் எமல்ஷன் பூச விரும்பினால் பொடியும் சுண்ணாம்பை நன்றாகச் சுரண்டி எடுத்தாக வேண்டும்.

இனி, காலம். எமது மக்கள் நத்தாருக்கும் பொங்கலுக்கும் பெயின்ற் அடிக்கின்றனர். வடக்கிலும் கிழக்கிலும் ஒக்ரோபர் முதல் மாரி பெய்து சுவர்கள் ஊறிக் கிடக்கும் காலம் அது. பெருநாளுக்கு வீடு வெளிச்சமாக இருக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அப்படியானால் உட்சுவரோடு நிறுத்தலாம், அல்லது வெளியே சுண்ணாம்பு அடிக்கலாம். சுண்ணாம்புக்கு ஈரச்சுவர் விருப்பம். எமல்ஷனுக்கு மாரி ஓய்ந்து சுவர் காய்ந்தபின், சோழகக் காற்றுப் புழுதி கிளப்புமுன், மாசி முதல் சித்திரை வரை ஏற்றது. காய்ந்ததா என்று அறிய ஒரு முழச் சதுரப் பொலித்தீனின் நான்கு ஓரங்களையும் சுவரில் இறுக்கமாக ஒட்டி ஒரு பகலும் இரவும் விடுங்கள். உட்பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் பொறுங்கள்.

செலவைக் கடைக்குப் போகுமுன் கணக்கிடலாம். 550 சதுர அடி வீட்டில் கதவு யன்னல் கழித்து வெளிச்சுவர் ஏறத்தாழ 800 சதுர அடி வரும். ஒரு லீற்றர் ஒரு தடவைக்குச் சுமார் 100 சதுர அடி என்று வைத்தால், இரண்டு தடவைக்கு 16 லீற்றர். சுவர் கரடாக இருந்தால் கூடும். ஒரு வாளியோடு முடிக்கலாம் என்று பூசுபவர் அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் கலந்தால், அது நிறத்தண்ணீர் தெளிப்பதே ஒழியப் பூச்சல்ல. காசு போதாவிட்டால் மழை அடிக்கும் பக்கத்தை இவ்வருடம் ஒழுங்காகப் பூசி, மற்றதை அடுத்த வருடத்துக்கு விடலாம். வட்டிக்கு வாங்கிப் பூசத் தேவையில்லை.

பழைய எனாமலைச் சுரண்டும்போது கவனம். இலங்கையில் பெயின்ற்றில் ஈயத்தின் அளவுக்குச் சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். அதற்கு முந்திய பூச்சின் தூசி குழந்தைகளின் மூளைக்குத் தீங்கானது. நனைத்துத் தேய்த்து, தூளைக் கூட்டி அள்ளிக் கட்டி, கிணற்றடிக்கும் கோழி மேயும் இடத்துக்கும் அப்பால் அகற்றுங்கள். வேலை முடியும்வரை பிள்ளைகளை அயல்வீட்டில் விடுங்கள். புதுப் பெயின்ற்றில் மிஞ்சுவதை இறுக மூடி, வாளியிலுள்ள நிற எண்ணை வீட்டு உறுதியோடு ஒரு துண்டில் எழுதி வையுங்கள். அடுத்த தடவை கடைக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.