ஜெர்மனியில் இன்டர்ன்ஷிப்: கட்டாயமா, விருப்பமா?

ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர் இன்டர்ன்ஷிப் தேடுமுன் எடுத்துப் பார்க்க வேண்டியது தம் படிப்பின் தேர்வு விதிமுறை. அந்தப் படிப்பில் இன்டர்ன்ஷிப் கட்டாயமா, மாணவரின் விருப்பமா என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். சம்பளம், வேலை நாட்கள், நிறுவனம் விண்ணப்பத்தைப் பார்க்கும் விதம் என எல்லாமே அதைப் பொறுத்தவை. பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகள் பலவற்றில் ஒரு செமஸ்டரே இதற்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. முதுநிலைப் படிப்புகளிலோ பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. இந்திய மாணவர்களில் மிகப் பலர் முதுநிலைக்கே செல்கிறார்கள் என்பதால் விருப்ப இன்டர்ன்ஷிப்பின் சிக்கலும் அவர்களுக்கே அதிகம்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த மாணவர் ஓர் ஆண்டில் 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை பார்க்கலாம். 2024 மார்ச்சுக்கு முன் இந்த வரம்பு 120, 240 என்று இருந்தது. கட்டாய இன்டர்ன்ஷிப் இந்தக் கணக்கில் வராது. விருப்ப இன்டர்ன்ஷிப்போ, சம்பளமே இல்லாவிட்டாலும் கணக்கில் வரும். வாரம் 5 நாள் வீதம் 6 மாதம் என்றால் ஏறக்குறைய 130 நாட்கள் அதிலேயே தீர்ந்துவிடும். அறை வாடகையைப் பகுதிநேர வேலையால் சமாளிப்பவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். வரம்பு ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டுக்கு உரியது. ஆகவே, அக்டோபரில் தொடங்கி மார்ச்சில் முடியும் இன்டர்ன்ஷிப்பின் நாட்கள் இரண்டு ஆண்டுகளுக்குப் பிரிந்துவிடும்; நெருக்கடி அந்த அளவுக்குக் குறையும்.

குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 2015-இல் நடைமுறைக்கு வந்தது. 2025-இல் அந்த ஊதியம் மணிக்கு 12.82 யூரோ, 2026 ஜனவரி முதல் 13.90 யூரோ. கட்டாய இன்டர்ன்ஷிப்புக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. படிப்போடு ஒட்டிய விருப்ப இன்டர்ன்ஷிப்புக்கும் 3 மாதம் வரை விலக்கு உண்டு. அதைத் தாண்டினால் முதல் நாளிலிருந்தே ஊதியம் தந்தாக வேண்டும். இதனால்தான் பல நிறுவனங்கள் கட்டாய இன்டர்ன்ஷிப் மாணவர்களையே கேட்கின்றன. தகுதி இருந்தும் பதில் வராத விண்ணப்பங்கள் சிலவற்றுக்குக் காரணம் இதுதான். மாணவர்கள் தங்கள் திறமையையே சந்தேகித்துச் சோர்ந்துபோவது வருத்தத்துக்குரியது.

பெரிய நிறுவனங்களுக்குக் குறைந்தது நான்கைந்து மாதம் முன்பே விண்ணப்பிப்பது நல்லது. முகப்புக் கடிதம், தன்விவரம், மதிப்பெண் பட்டியல், பழைய பணிச் சான்றுகள் ஆகியவற்றோடு, பல்கலைக்கழகப் பதிவுச் சான்றும் வதிவிட அனுமதியின் நகலும் பெரும்பாலும் கேட்கப்படும். கட்டாய இன்டர்ன்ஷிப் என்றால் அதற்கான பல்கலைக்கழகச் சான்றையும் சேர்க்க வேண்டும். பாஷ், சீமென்ஸ், பிஎம்டபிள்யூ போன்ற பெயர்களையே எல்லோரும் துரத்துகிறார்கள். ஆனால் சிற்றூர்களில், குடும்பங்களின் கையில் இயங்கும் நடுத்தர நிறுவனங்கள்தாம் ஜெர்மன் தொழில்துறையின் முதுகெலும்பு. போட்டி அங்கே குறைவு. தொழிற்கூடத்தில் பேசுவதோ ஜெர்மன். மென்பொருள் துறையில் ஆங்கிலத்தோடு சமாளிக்கலாம். இயந்திரப் பொறியியலில் ஜெர்மன் மொழியில் பி1, பி2 நிலை இல்லாமல் கதவு திறப்பது அரிது. மொழி வகுப்பை முதல் செமஸ்டரிலேயே தொடங்குபவருக்குக் கிடைக்கும் பலன், நூறு விண்ணப்பம் அனுப்பினாலும் வராது.

இந்தியக் கல்லூரியில் படித்துக்கொண்டே இன்டர்ன்ஷிப்புக்கு மட்டும் ஜெர்மனி செல்வோருக்கு விதி வேறு. குறைந்தது நான்கு செமஸ்டர் முடித்திருக்க வேண்டும். வேலை படிப்போடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். ஜெர்மன் வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதலும் தேவை. அதிகபட்சக் காலம் ஓராண்டு.

இன்டர்ன்ஷிப் முடியும்போது பணிச் சான்றை மாணவர் கேட்டு வாங்க வேண்டும். அதில் வெளிப்படையான குறை எதையும் பார்க்க முடியாது. பாராட்டின் அளவில்தான் மதிப்பீடு இருக்கும். 'எப்போதும் முழுமையான நிறைவு' என்றால் உயர்ந்த மதிப்பெண்; வெறும் 'நிறைவு' என்றால் சுமார். பட்டம் பெற்றபின் வேலை தேட அனுமதிக்கப்படும் 18 மாதங்களில் ஒவ்வொரு நிறுவனமும் இந்தத் தாளைப் படிக்கும். எனவே, மேலாளர் வேறு பிரிவுக்கு மாறுவதற்குள் அதை எழுதி வாங்கி, ஜெர்மன் நன்கறிந்த ஒருவரிடம் காட்டித் திருத்தம் கேட்க வேண்டும்.