மஞ்சள் காமாலை: பச்சிலையும் பத்தியமும் மட்டும் போதுமா?

காரைக்குடிப் பக்கம் ஒருவருக்குக் கண் மஞ்சளாகிவிட்டால் பல வீடுகளில் முதலில் எழும் பேச்சு ஆஸ்பத்திரி பற்றி இருக்காது. "பக்கத்து ஊர்ல பச்சிலை கொடுக்கிறாங்க, மூணு நாள் வெறும் வயித்துல குடிச்சா போதும்" என்பார்கள். "காமாலைக்கு இங்கிலீஷ் மருந்தே கிடையாதுப்பா" என்ற தீர்ப்பும் கூடவே வரும். இதில் எது சரி, எது ஆபத்து?

மஞ்சள் எங்கிருந்து வருகிறது?

ரத்தச் சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள். அவை அழியும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதைப் பித்தநீரில் கலந்து குடலுக்கு அனுப்பிவிடும். இந்தப் பாதையில் எங்கே தடை வந்தாலும் பிலிரூபின் ரத்தத்தில் தேங்கி, முதலில் கண்ணில் தெரியும்.

ஆக, காமாலை என்பது ஓர் அறிகுறிதான். அதற்குப் பின்னால் ஹெபடைடிஸ் வைரஸ், மது, சில மாத்திரைகள், எலிக்காய்ச்சல், பித்தப்பைக் கல், கணையப் புற்றுநோய் என எதுவும் இருக்கலாம். கல் அடைத்து வந்த காமாலைக்கும் வைரஸால் வந்த காமாலைக்கும் ஒரே மருந்து எப்படிச் சரிப்படும்?

அப்படியென்றால் பச்சிலையில் குணமானவர்கள்?

அசுத்தமான தண்ணீர், உணவு வழியாகப் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ இரண்டும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்த நேரத்தில் எதைக் குடித்திருந்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். 'இங்கிலீஷ் மருந்து இல்லை' என்ற பேச்சில் பாதி உண்மை இருப்பதும் இதனால்தான்: இந்த இரண்டுக்கும் பொதுவாகத் தனி மருந்து தேவைப்படுவதில்லை. மற்ற காரணங்களுக்குச் சிகிச்சை உண்டு.

கீழாநெல்லியை அறிவியல் ஒதுக்கிவிடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பெற்ற பிளம்பெர்க்குடன் சேர்ந்து, 1988-ல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 30 நாள் கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் பி வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால், பிறகு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. என்ன இலை, எவ்வளவு என்றே தெரியாத கலவையோ கல்லீரலை மேலும் கெடுக்கக்கூடும்.

வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

உப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்தி வெறும் கஞ்சியில் போடுவது தேவையில்லை. இட்லி, இடியாப்பம், பருப்பு சாதம், பழம், முட்டை எது இறங்குகிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுங்கள். குமட்டல் இருக்கும்வரை காரசாரமான குழம்பு, பொரித்த அயிட்டங்களைக் குறைத்தால் போதும். மது அறவே கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால்கூட டாக்டரிடம் கேட்டுத்தான். சூடு போடுவது, கண்ணில் சாறு விடுவது வேண்டவே வேண்டாம்.

வீட்டில் மற்றவர்கள் கொதிக்கவைத்த தண்ணீர் குடிக்க வேண்டும். கழிவறை சென்ற பிறகும், சமைக்கும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நோயாளி குணமாகும்வரை சமையல் வேலையிலிருந்து ஓய்வெடுக்கட்டும். கல்யாண வீட்டு ஜூஸில் போடும் ஐஸும் தண்ணீர்தான் என்பதை மறக்க வேண்டாம்.

எப்போது ஓட வேண்டும்?

* பேச்சில் குழப்பம், பகலெல்லாம் தூக்கம்
* நிற்காத வாந்தி, மூக்கு, ஈறு அல்லது மலத்தில் ரத்தம்
* வயிறு வீங்குதல், காய்ச்சலோடு கடும் வயிற்றுவலி
* மலம் வெளுத்துப்போய், உடல் முழுக்க அரிப்பு
* பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு மஞ்சள் தெரிவது

கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. கடைசி மூன்று மாதங்களில் ஹெபடைடிஸ் ஈ வந்தால் 20 முதல் 25 சதவீதம் பேர்வரை இறக்கக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எங்கே போவது?

காரைக்குடி அரசு மருத்துவமனையிலோ சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டலாம். கல்லீரல் செயல்பாடு (எல்.எஃப்.டி), ரத்தம் உறையும் நேரம், வைரஸ் பரிசோதனை, தேவைப்பட்டால் வயிற்று ஸ்கேன் என்று காரணத்தைத் தேடுவார்கள். ஹெபடைடிஸ் பி, சி என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வீட்டில் உள்ளவர்களும் பரிசோதித்துக்கொண்டு, பி வைரஸுக்கான தடுப்பூசியைப் போட்டுக்கொள்வது நல்லது.

"அப்பத்தா மனசு கேட்காது, கீழாநெல்லியும் கொடுக்கணும்" என்றால், அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை மட்டும் முதலில் நடக்கட்டும்.