உங்களுக்குத் தெரியுமா? தலைமுடி நாடாவில் ரகசியக் குறியீடு!

1944 மே மாதம், ஜெர்மானியர் பிடியிலிருந்த நார்மண்டியில் பாராசூட்டில் குதித்தார் பிரிட்டிஷ் உளவாளி ஃபிலிஸ் லாட்டூர். வயது 23. ஏழைச் சிறுமிபோல நடித்து, சைக்கிளில் சோப்பு விற்றபடி உளவு பார்த்தார். சங்கேதக் குறியீடுகள் கொண்ட பட்டுத்துணியைப் பின்னல் ஊசியில் சுற்றி, தலைமுடி கட்டும் நாடாவுக்குள் செருகிவைப்பார். சோதனையில் சந்தேகம் வந்தபோது, அந்த நாடாவையே அவிழ்த்துக் கூந்தலை உதறிக் காட்டினாராம். என்ன துணிச்சல்!

லண்டனுக்கு 135 செய்திகள் அனுப்பினார். ஆனால், அவர் தந்த தகவலால் விழுந்த குண்டுகளில் பொதுமக்களும் மாண்டார்கள். அப்படிப் பலியான ஒரு குடும்பத்தின் இறுதிச்சடங்குக்கும் போய் நின்றார். போருக்குப் பின் நியூசிலாந்தில் குடியேறியவர், பெற்ற பிள்ளைகளிடம்கூட வாய் திறக்கவில்லை. 2000 வாக்கில் மூத்த மகன் இணையத்தில் படித்துத்தான் விஷயம் வீட்டுக்கே தெரிந்தது. பிரான்ஸ் 2014-இல் செவாலியே விருது தந்தது. 2023-இல், 102 வயதில் காலமானார்.